சியாட்டிலின் கடைசி சீசன்

கேள்வி: கூடைப்பந்து வீரர் கெவின் டுரான்ட் முதலில் ஆடியது சியாட்டில் அணிக்காம். அப்படி ஒரு அணியே அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் இல்லையே?

பதில்: இருந்தது, 41 வருஷம். 1967-ல் தொடங்கி 1979-ல் பட்டம் வென்ற சூப்பர்சோனிக்ஸ் (சுருக்கமாக சோனிக்ஸ்) தான் அது. 2006-ல் அப்போதைய முதலாளி, ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகளின் ஹோவர்ட் ஷுல்ட்ஸ், அணியை கிளே பென்னட் தலைமையிலான ஓக்லஹோமா சிட்டி முதலாளிகளுக்கு 35 கோடி டாலருக்கு விற்றார். அவர்கள் புது அரங்கம் கட்டப் பொதுப்பணம் கேட்டார்கள், மாநிலச் சட்டமன்றம் மறுத்துவிட்டது, 2008-ல் அணியைத் தங்கள் ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள். இன்றைய ஓக்லஹோமா சிட்டி தண்டர் அதுதான்.

கேள்வி: கடைசி சீசனில் தோற்றுக்கொண்டே இருந்ததால்தான் அணி போனது என்கிறான் என் நண்பன். சரியா?

பதில்: இல்லை. 82 ஆட்டத்தில் 62 தோல்வி, அந்த அணியின் வரலாற்றிலேயே மோசமான கணக்கு, அதை மறுக்க முடியாது. ஆனால் சீசன் தொடங்கும் முன்பே ரே ஆலனை பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள், ரஷார்ட் லூயிஸ் ஒர்லாண்டோவுக்குப் போய்விட்டார், 19 வயது டுரான்ட் தோளில் மொத்தப் பாரமும் விழுந்தது (அப்படியும் ஆட்டத்துக்கு 20 புள்ளிக்கு மேல் எடுத்து அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் ஆனார்). அப்புறம், 2007 ஆகஸ்டிலேயே புது முதலாளிகளில் ஒருவரான ஆப்ரி மெக்லெண்டன், சியாட்டிலில் வைத்திருக்க நாங்கள் அணியை வாங்கவில்லை என்று பத்திரிகையிடம் சொல்லி, லீக்கிடம் 2.5 லட்சம் டாலர் அபராதம் கட்டினார். முதல் பந்து போடும் முன்பே மனதில் மூட்டை கட்டிவிட்டவர்கள் அவர்கள், தோல்விமேல் பழி போடுவது அநியாயம்.

2008 ஏப்ரல் 13, உள்ளூரில் கடைசி ஆட்டம், எதிரணி டல்லாஸ். எங்கள் சோனிக்ஸைக் காப்பாற்றுங்கள் என்று கீ அரீனா அரங்கம் முழுக்க ஒரே கோஷம், டுரான்ட் கையை உயர்த்தி இன்னும் சத்தமாக என்று தூண்டினார், 99-95 என்று ஜெயித்தும்விட்டார்கள். அறுபது ஆட்டத்துக்கு மேல் தோற்ற அணிக்காகத் தொண்டை கிழியக் கத்திய அந்த ஜனங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கனத்துப்போகிறது. ஐந்தே நாளில் லீக்கின் அணி முதலாளிகள் 28-2 என்று ஓட்டுப்போட்டு இடமாற்றத்துக்குச் சம்மதித்தார்கள். எதிர்த்தவர்கள் டல்லாஸின் மார்க் கியூபனும் போர்ட்லாந்தின் பால் ஆலனும்தான்.

கேள்வி: நகர நிர்வாகம் சும்மாவா இருந்தது?

பதில்: வழக்குப் போட்டது. அரங்க ஒப்பந்தம் 2010 வரை இருந்ததால் வலுவான வழக்குதான். ஆனால் தீர்ப்பு வரும் நேரத்தில், ஜூலை 2-ம் தேதி, 4.5 கோடி டாலர் வாங்கிக்கொண்டு சமரசம் ஆகிவிட்டார்கள். இரண்டு வருஷம் பிடித்து வைத்திருந்தால் என்னவாவது வழி பிறந்திருக்கும் என்பது என் எண்ணம். சோனிக்ஸ் என்ற பெயரும் அந்தப் பச்சை, தங்க நிறங்களும் மட்டும் சியாட்டிலுக்கென்று விட்டுவைக்கப்பட்டன.