மயிரிழையும் பெரியம்மாவும்

அன்புள்ள ஐயா,

நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த சிறுகதைகளைப் புத்தகமாக்குகிறேன். வடிவமைப்பும் நான்தான். ப்ளேஃபேர் டிஸ்ப்ளே எழுத்துருவை 9.5 பாயின்ட் அளவில் போட்டேன். தடித்த தண்டும் மெல்லிய கோடுமாக அவ்வளவு அழகு. என் பெரியம்மா நாலு பக்கம் படித்துவிட்டு, கண் கூசுகிறது என்று மூடி வைத்துவிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய எழுத்து வடிவமைப்பாளர் பாஸ்கர்வில்லைக் குறை சொன்னவரை பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மடக்கிய கதையை அவருக்குச் சொன்னேன். பதிலே பேசவில்லை. அழகை ரசிக்க நமக்குப் பழக்கமில்லையா? போடோனி, டிடோ என்ற இரண்டு எழுத்துருக்களில் எதற்கு மாறலாம்? இலவச எழுத்துருவில் புத்தகம் போடுவது கௌரவக் குறைவா?

ந.

அன்புள்ள ந.,

முதலில் பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

இலவசமா காசா என்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, விடுங்கள். ப்ளேஃபேர் டிஸ்ப்ளே நல்ல எழுத்து. பாஸ்கர்வில் காலத்து எழுத்துகளை மனத்தில் வைத்து கிளாஸ் எகெர்ஸ் சோரன்சன் வரைந்தது. ஆனால் பெயரிலேயே ‘டிஸ்ப்ளே’ என்று இருக்கிறதே, அதைக்கூடவா கவனிக்கவில்லை? தலைப்புக்கென்று வரைந்த எழுத்து அது. அதைக் கொண்டுபோய் 9.5 பாயின்டில் இருநூறு பக்கத்துக்கு ஓடவிட்டிருக்கிறீர்கள்.

அந்த ஃபிராங்க்ளின் கதைக்கு வருகிறேன். சமீபமாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததும் அதுதான். 1760இல் அவர் பாஸ்கர்வில்லுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. உங்கள் எழுத்தின் கோடுகள் மெலிந்து கண்ணை வருத்துகின்றன, நாட்டில் படிக்கிறவர்களையெல்லாம் குருடாக்கிவிடும் என்று ஒருவர் சொன்னாராம். ஃபிராங்க்ளின் உள்ளே போய், காஸ்லன் என்ற இன்னொரு எழுத்து வடிவமைப்பாளரின் மாதிரித்தாளை எடுத்து, மேல்பகுதியைக் கிழித்துவிட்டு, இது பாஸ்கர்வில்லுடையது, குறையைக் காட்டுங்கள் என்று நீட்டினார். அவரும் ஒவ்வொன்றாகக் காட்டினார். இந்தக் கதையைக் கம்பாக வைத்துக்கொண்டு வடிவமைப்பாளர்கள் வாசகரை அடிப்பதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். அந்த மனிதர் பெயரைக் கேட்டுவிட்டுக் குறை கண்டுபிடித்தார். உங்கள் பெரியம்மாவுக்கு எழுத்துருவின் பெயரே தெரியாது. நாலு பக்கம் படித்துவிட்டுச் சொன்னார். இரண்டும் ஒன்றா?

என் ஆசிரியரின் கட்டுரைகள் சிலவற்றை ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகமாக்கினேன். அவருக்கு அப்போது எண்பது கடந்திருந்தது. போடோனியின் ஒரு பெரிய அளவு வடிவத்தைச் சுருக்கிப் போட்டிருந்தேன். முன்னுரையை மட்டும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. அச்சில் மை பரவி, முன்னுரையின் மெல்லிய வெள்ளைக் கோடுகளை விழுங்கிவிட்டது. ஆங்கிலச் சின்ன ‘இ’க்கு (e) நடுவிலுள்ள குறுக்குக்கோடு போய் அது ‘சி’யாக (c) நின்றது. ‘என்’னுக்கும் (n) ‘யு’வுக்கும் (u) வளைவு போய் வெறும் தண்டுகள், வேலிக்கம்பு நட்டதுபோல. அவர் பூதக்கண்ணாடியை வைத்து, தான் எழுதிய வரியையே எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒரு பக்கம் முடிந்ததும், “அழகா இருக்குப்பா, நீயே படிச்சுக் காட்டிடு” என்றார். படித்துக் காட்டினேன். அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

போடோனியின் மேல் தப்பில்லை. இதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். உலோக அச்சில் ஒவ்வொரு அளவுக்கும் எஃகு முனையில் தனித்தனியாக எழுத்தை வெட்டினார்கள். சின்ன அளவில் மெல்லிய கோட்டைச் சற்றுத் தடிப்பாக வைத்து, எழுத்தைச் சற்று அகலமாக்கி, இடைவெளியும் கூட்டுவது வழக்கம். அந்த எழுத்தை உருவாக்கிய போடோனி, இத்தாலியின் பார்மாவில் நாற்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தவர். அவர் இறந்த பிறகு 1818இல் மனைவி வெளியிட்ட எழுத்து மாதிரி நூலைப் பாருங்கள். அடுத்தடுத்த அளவுகள் எவ்வளவு நுணுக்கமாக ஏறுகின்றன! கணினி வந்ததும் ஒரே வரைவை எல்லா அளவுக்கும் நீட்டினோம், சுருக்கினோம். 72 பாயின்டில் மயிரிழையாக நிற்கும் கோடு 9 பாயின்டில் எட்டில் ஒரு பங்காகிவிடும். அந்தக் கோடு காகிதத்தில் எங்கே நிற்கும்?

இதைத் திருத்தியவர்களும் உண்டு. ஐடிசி என்ற எழுத்துரு நிறுவனம் 1994இல் கொண்டுவந்த போடோனியில் 6, 12, 72 என்று மூன்று அளவுக்கும் தனி வரைவுகள். ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்காக ஜோனதன் ஹெஃப்லர் டிடோவை ஏழு அளவுகளுக்கு வரைந்தார். பெரிய தலைப்பிலும் சின்னத் தலைப்பிலும் மயிரிழை ஒரே மெலிவில் தெரிய வேண்டும் என்பதற்காக அத்தனை உழைப்பு. நீங்கள் கேட்ட இலவச வகையிலேயே போடோனி மோடா இருக்கிறது. 6 முதல் 96 பாயின்ட் வரை அளவுக்கேற்பத் தடிப்பு மாறும்.

சரி, போடோனியா டிடோவா? உங்கள் புத்தகத்துக்கு இரண்டும் வேண்டாம். ப்ளேஃபேரை அட்டையிலும் கதைத் தலைப்புகளிலும் பெரிதாக வையுங்கள், அங்கே அது ராணி மாதிரி இருக்கும். உள்ளே பாஸ்கர்வில், தொடர்ந்து படிக்கும் பகுதிக்கென்று வரைந்த வடிவம், 11 பாயின்ட். வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். திரையில் முடிவு செய்யாதீர்கள். புத்தகத்துக்கான காகிதத்திலேயே ஒரு கதையை அச்செடுங்கள். அப்புறம், எதை மாற்றினீர்கள் என்று சொல்லாமல் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஐந்தாம் பக்கத்தைத் திருப்புகிறாரா என்று பாருங்கள்.