காய்ச்சல் வராத உழைப்பாளி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். 'ஏற்றத்தாழ்வு யாருடைய சோம்பலாலும் வளர்வதில்லை' என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. என் அனுபவம் வேறு.

நானும் என் நண்பரும் ஒரே நாளில், ஒரே அலுவலகத்தில், ஒரே சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்தோம். 25 ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று எனக்கு இரண்டு வீடுகள் இருக்கின்றன, பிள்ளைகளின் படிப்புக்குச் சேமிப்பும் இருக்கிறது. நண்பர் இன்னமும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார், கடன் வேறு. அவர் ஊதாரி இல்லை. ஆனாலும் இன்னும் கொஞ்சம் சிக்கனமாக இருந்திருக்கலாம் என்று அவரிடமே ஒருமுறை சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் முன்போல என்னோடு பேசுவதில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது அப்பா கட்டிய வீட்டில் இருந்தேன், உண்மைதான். மற்றதெல்லாம் என் உழைப்பு.

இன்னொன்று. உலகத்தில் வறுமை குறைந்துகொண்டுதானே வருகிறது? எல்லோரும் மேலே வரும்போது சிலர் கூடுதலாக மேலே போனால் என்ன கெட்டுவிடும்? கணினி வந்த பிறகு திறமைசாலிக்கு அதிகம் கிடைப்பது இயல்புதானே?

அன்புடன்,
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தின் மிக முக்கியமான வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். 'அப்பா கட்டிய வீட்டில் இருந்தேன்.' நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் இருவருக்கும் மாதச் சம்பளம் 100. கணக்கு எளிதாக இருப்பதற்காக 25 ஆண்டும் அது மாறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நண்பர் அதில் 30ஐ வாடகையாகக் கொடுக்கிறார். மற்ற செலவெல்லாம் இருவருக்கும் ஒன்றே. அவரை விட நீங்கள் ஒரு காசுகூடச் சிக்கனம் இல்லை. வாடகை கொடுக்க வேண்டியிராத அந்த 30ஐ மட்டும், ஆண்டுக்கு 7 விழுக்காடு தரும் ஏதோ ஒன்றில் போட்டுவருகிறீர்கள். 25 ஆண்டில் நீங்கள் போட்டது மொத்தம் 9,000. கையில் சேர்ந்திருப்பது 22,700க்கு மேல். அதே 7 விழுக்காட்டில் அந்தத் தொகை இனி மாதம் 130க்கு மேல் ஈட்டும். உங்கள் சம்பளம் 100தான்.

அதாவது, உங்கள் வீட்டிலிருந்து இப்போது இரண்டு பேர் வேலைக்குப் போகிறார்கள். ஒருவர் நீங்கள். மற்றவர் உங்கள் பணம். உங்களை விட அதிகம் சம்பாதிப்பவர் அவர்தான். அவருக்குக் காய்ச்சல் வராது. வேலையை விட்டு அவரை யாரும் நிறுத்த மாட்டார்கள். அவருக்கு ஓய்வு வயது கிடையாது. உங்கள் காலத்துக்குப் பிறகு உங்கள் பிள்ளைகளுக்காகவும் வேலைக்குப் போவார். உங்கள் நண்பரின் வீட்டிலிருந்து 25 ஆண்டுகளாக ஒருவர்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நண்பரும் அதே அளவு உழைத்தார் என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. அப்படியானால் இடைவெளி உழைப்பால் வந்திருக்க முடியாது.

நானும் நெடுங்காலம் வாடகை வீட்டில் இருந்தவன். என் மேசை இழுப்பறையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. வாடகை ஒப்பந்தத்தில், ஒவ்வோர் ஆண்டும் இத்தனை விழுக்காடு கூட்டித் தரப்படும் என்று தெளிவாக ஒரு வரி இருந்தது. வேலைக்கான நியமனக் கடிதத்தை எத்தனை முறை புரட்டினாலும் அப்படி ஒரு வரி இல்லை. 'நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது' என்று மட்டும் இருந்தது. பொருளாதாரம் எனக்குப் புரியத் தொடங்கியது அந்த இரண்டு காகிதங்களை அருகருகே வைத்துப் பார்த்த இரவில்தான். ஒன்று சொத்தின் வருமானம், அதற்கு உறுதி உண்டு. மற்றது உழைப்பின் வருமானம், அது கேட்டு வாங்க வேண்டியது.

இதே கணக்கு உலக அளவிலும் நடக்கிறது. 2022ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கைப்படி, உலக வருமானத்தில் மேல்தட்டுப் 10 விழுக்காட்டினருக்குப் போவது 52 விழுக்காடு, கீழ்ப்பாதி மக்களுக்கு 8.5. சொத்தை எடுத்துக்கொண்டால் மேல்தட்டிடம் 76 விழுக்காடு, கீழ்ப்பாதியிடம் வெறும் 2. வருமானத்தில் இருப்பதை விடச் சொத்தில் பள்ளம் மிக ஆழம். 'முதலுக்கே மோசம்' என்று பேச்சில் சொல்கிறோமே, அது முதல் வைத்திருப்பவரின் கவலை. உலகின் பாதிப் பேரிடம் மோசம் போவதற்கு முதலே கிடையாது.

முதல் இல்லாதவருக்கு வட்டி எதிர்த்திசையில் ஓடுகிறது. அடகு வைக்க நிலம் இருப்பவருக்குக் கடன் மலிவாகக் கிடைக்கும். எதுவும் இல்லாதவர்தான் மிக உயர்ந்த வட்டிக்கு வாங்குகிறார். வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றால் நீங்கள் சேமிப்பிலிருந்து எடுப்பீர்கள், உங்கள் நண்பர் கடன் வாங்குவார். நோயும் செலவும் ஒன்றுதான். ஆனால் ஐந்து ஆண்டு கழித்தும் அவர் அதைக் கட்டிக்கொண்டிருப்பார்.

கணினியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொழில்நுட்பத்துக்குப் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். திறமைக்கான கூலியை அது உயர்த்தியது, பழைய வேலைகள் பலவற்றை அழித்தது, உலக வணிகமும் கூடச் சேர்ந்தது. ஆனால் அமெரிக்காவையும் மேற்கு ஐரோப்பாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1980இல் இரண்டு இடத்திலும் மேல்தட்டு 1 விழுக்காட்டினர் நாட்டு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே பெற்றார்கள். 2016இல் மேற்கு ஐரோப்பாவில் அது 12 விழுக்காடு, அமெரிக்காவில் 20. கணினி இரண்டு இடத்துக்கும் வந்தது. சீனப் பொருள்களும் இரண்டு இடத்துக்கும் வந்தன. வேறுபட்டவை சட்டங்கள்.

அமெரிக்காவில் மிக உயர்ந்த வருமானப் படிக்கான வரி 1944இல் 94 விழுக்காடாக இருந்தது. 1981 வரைகூட 70. 1988இல் 28. பிரிட்டனில் 83ஆக இருந்ததை 1979இல் 60 ஆக்கினார்கள், 1988இல் 40. ஸ்வீடனும் நார்வேயும்கூட வாரிசுரிமை வரியை இந்த நூற்றாண்டில் எடுத்துவிட்டன. வரி குறைந்தபோது மிஞ்சியது பணமாகவே கிடக்கவில்லை, பங்குகளாகவும் கட்டடங்களாகவும் மாறி மறுபடி ஈட்டப் போனது.

இன்னொரு பக்கம் கேட்டு வாங்கும் பலம் போனது. 1981 ஆகஸ்டில் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதிபர் ரீகன் 11,000க்கும் மேற்பட்டவர்களை ஒரே உத்தரவில் வேலைநீக்கம் செய்தார். ஓர் அரசே இப்படிச் செய்யலாம் என்றால் தனியார் முதலாளிக்கு என்ன தயக்கம் இருக்கும்? 1950களின் நடுவில் அங்கே தொழிலாளர்களில் மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். இன்று பத்தில் ஒருவர். என் இழுப்பறையில் இருந்த நியமனக் கடிதத்தில் அந்த ஒரு வரி ஏன் இல்லை என்பதற்கான விடை இதில் இருக்கிறது. அப்படி ஒரு வரியைத் தனியாள் கேட்டு வாங்க முடியாது.

இயல்பு என்கிறீர்கள். சைமன் குஸ்நெட்ஸ் என்ற பெரும் பொருளியலாளரும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார். நாடு வளரும்போது இடைவெளி முதலில் கூடும், பிறகு குறையும் என்று 1955இல் சொன்னார். அதில் 5 விழுக்காடுதான் தரவு, மீதி 95 ஊகம் என்று அவரே நேர்மையாக எழுதியும் வைத்தார். அந்த எச்சரிக்கையைப் பலர் மறந்துவிட்டார்கள். அவர் பார்த்த காலத்தில் இடைவெளி குறைந்திருந்தது உண்மை. இரண்டு உலகப் போர்களும் 1930களின் பொருளாதாரப் பெருமந்தமும் சொத்துகளை அழித்திருந்தன, வரிகளும் சங்கங்களும் மிச்சத்தைச் செய்தன. 1980களில் அந்த வரிகளும் சங்கங்களும் தளர்ந்ததும் பள்ளம் மறுபடி ஆழமாகத் தொடங்கியது.

வறுமை குறைந்தது பற்றி நீங்கள் சொன்னது சரி. அதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். 1990இல் உலகில் மூன்றில் ஒருவருக்கு மேல் கொடும் வறுமையில் இருந்தார்கள், 2019இல் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சீனாவும் மற்ற ஆசிய நாடுகளும் எழுந்து வந்ததில், நாடுகளுக்கிடையே இருந்த தூரமும் குறைந்தது. பல நாடுகளின் உள்ளே அது கூடியது.

அதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கிறீர்கள். வாழ்க்கையின் முக்கியமான பொருள்கள் பலவும் ஏலத்தில்தான் விற்கப்படுகின்றன, நண்பரே. நகரத்து நிலம், நல்ல பள்ளிக்கூடத்தில் இடம், தேர்ந்த மருத்துவரின் அரைமணி நேரம், சட்டம் எழுதுபவர்களின் காது. இவை கேட்பவர்களின் பணம் பெருகும் வேகத்தில் பெருகுபவை அல்ல. என் கையில் இருப்பது இரண்டு மடங்காகி, எதிரே நிற்பவரின் பணம் பத்து மடங்கானால், அந்த ஏலத்தில் நான் முன்பைவிட ஏழை. அதிலும் கடைசியில் சொன்னது மிக ஆபத்தானது. சட்டம் எழுதுபவரின் காதை வாங்கியவர் அடுத்த வரிவிகிதத்தையும் வாங்கிவிடுகிறார்.

குறைக்க முடியாது என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. உலகிலேயே கடுமையான ஏற்றத்தாழ்வுள்ள நாடுகளில் ஒன்றான பிரேசிலில், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வருமான இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் தரும் திட்டத்தை 2003இல் தொடங்கினார்கள். சொத்தின் பள்ளத்தை அவை அவ்வளவாகத் தொடவில்லை. அதற்கு வரி வேண்டும், வாரிசுரிமை வரியும் வேண்டும். இது என் உறுதியான கருத்து. உங்கள் பிள்ளைகளை மனதில் வைத்து நீங்கள் இதை மறுக்கக்கூடும், அந்தத் தவிப்பு எனக்கும் புரிகிறது.

கடைசியாக உங்கள் நண்பரைப் பற்றி. அவர் ஏன் பேசுவதில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். முதலில் நீங்கள் போய்ப் பேசுங்கள். 25 ஆண்டில் மொத்தம் எவ்வளவு வாடகை கட்டியிருப்பார் என்று கேளுங்கள். அவர் யோசிக்கவே மாட்டார். அந்தத் தொகை அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

அன்புடன்.