ஃபார்முலா கார் டீமில் பையனை விடலாமா? சேலத்து அப்பா ஒருவருக்குப் பதில்

அண்ணா, வணக்கம்.

மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிற பையன் காலேஜ் ஃபார்முலா டீமில் சேர்ந்துவிட்டான், வண்டி ஓட்டப்போகிறவர்களில் அவனும் ஒருவன் என்று எழுதியிருந்தீர்கள். "கூரை கிடையாது, கதவு கிடையாது, சக்கரம் நாலும் வெளியே நிற்கிறது. டிவியில் பார்த்தால் அந்தரத்தில் பறக்கிறான். இதற்கா ஃபீஸ் கட்டுகிறேன்?" என்று கேட்கிறீர்கள். நான் வேண்டாம் என்று சொன்னால் அதைக் காட்டி அவனை நிறுத்திவிடலாம் என்ற எண்ணமும் புரிகிறது. அப்படிச் சொல்லப்போவதில்லை. அதற்காக "ஒன்றும் ஆகாது, விடுங்கள்" என்றும் சொல்லமாட்டேன். ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு.

முதலில், நீங்கள் டிவியில் பார்த்த வண்டி வேறு, உங்கள் பையன் தொடப்போகிற வண்டி வேறு. அவனுடையது மாணவர்களே வடிவமைத்துக் கட்டும் வண்டி. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிற ஃபார்முலா பாரத் போட்டிக்கு நம் பக்கத்துக் காலேஜ் பையன்கள் போவது இதற்குத்தான். பெட்ரோல் வண்டி என்றால் எஞ்சின் 710 சிசிக்கு மேல் போகக் கூடாது. காற்று உள்ளே போகும் வழியிலும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றை வைத்து மூச்சைப் பிடித்துவிடுவார்கள். தடம் முழுக்கக் கூம்பு வைத்த வளைவுகள். யார் முதலில் வருகிறார்கள் என்று தோளோடு தோள் உரசி ஓடுகிற பந்தயமே கிடையாது, கடிகாரத்தோடுதான் போட்டி. நீண்ட ஓட்டத்தில் மட்டும் சில வண்டிகள் ஒரே நேரத்தில் தடத்தில் இருக்கும். அப்போதும் கொடி காட்டினால்தான், அதற்கென்று விட்ட இடத்தில்தான் முந்தலாம்.

உண்மையான பந்தயம் அதற்கு அடுத்த படி. மாருதி ஸ்விஃப்ட் எஞ்சின் வைத்த எல்ஜிபி ஃபார்முலா 4, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் பெயரில் 2023 முதல் நடக்கிற ஃபார்முலா 4 இந்தியன் சாம்பியன்ஷிப் எல்லாம் அந்த வகை. கரியிலும் சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் இந்த வண்டிகள் ஓடுகின்றன. 2024இல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியிலேயே ஓடின. அங்கே பத்துப் பதினைந்து வண்டிகள் ஒரே வளைவுக்குள் முண்டியடித்து நுழையும். உங்கள் பயம் நியாயமாவது அங்கேதான்.

ஏன் என்று சொல்கிறேன். முன்னால் போகும் வண்டியின் பின்சக்கரத்தைப் பின்னாலிருந்து பார்த்தால் அது கீழிருந்து மேலாகச் சுழலும். பின்னால் வருகிறவனின் முன்சக்கரம் அதில் பட்டால் போதும், வண்டியை அப்படியே மேலே தூக்கி எறிந்துவிடும். சாதாரண காரில் பம்பரும் மட்கார்டும் உரசிவிட்டுப் போய்விடும்; இதில் ரப்பரும் ரப்பரும் பற்றிக்கொள்ளும். இன்னொன்று, ஓட்டுகிறவன் தலை வெளியே இருக்கிறது. 2009இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் ஹென்றி சர்ட்டீஸ் என்ற 18 வயதுப் பையன் அப்படித்தான் போனான். வேறொரு வண்டியிலிருந்து கழன்று வந்த சக்கரம் தலையில் அடித்தது. அவன் அப்பா ஜான் சர்ட்டீஸ், பைக்கிலும் காரிலும் உலக சாம்பியன் பட்டம் வாங்கிய ஒரே மனிதர். 2017இல் டோனிங்டனில் பில்லி மாங்கர், வயது 17, கிட்டத்தட்ட நின்றுவிட்ட ஒரு வண்டியின் பின்னால் மோதி இரண்டு காலையும் இழந்தான். அதுவும் ஃபார்முலா 4 தான், சின்ன வண்டிதான். இந்த வண்டிகளில் பாதம்தான் முதலில் போகிறது என்பதை மறக்கக் கூடாது.

இதெல்லாம் நடந்த பிறகுதான் விதிகள் இறுகின. தலைக்கு மேல் வளையமாக நிற்கிற ஹேலோ 2018இல் ஃபார்முலா 1க்கு வந்தது. இப்போதைய எஃப்ஐஏ ஃபார்முலா 4 வண்டியிலும் அது உண்டு. 2020இல் பஹ்ரைனில் ஃபார்முலா 1 ஓட்டுநர் ரோமன் குரோஷானின் வண்டி தடுப்புவேலியைப் பிளந்துகொண்டு போய்த் தீப்பிடித்தும், அவர் தானே எழுந்து வெளியே வந்ததற்கு ஹேலோ ஒரு முக்கியக் காரணம். பழைய தலைமுறை ஒற்றை இருக்கை வண்டிகளில் இது இருக்காது. அவன் நாளைக்கு "ஒரே ஒரு ரேஸ் ஓட்டிப் பார்க்கிறேன்ப்பா" என்று வந்தால், எந்த வண்டி, ஹேலோ உண்டா, கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் ஹான்ஸ் கருவி தருகிறார்களா என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். எவ்வளவு செலவு என்பது அப்புறம். (அதுவும் லேசாக இருக்காது.)

கூரை இருந்தால் தப்பித்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் மூத்த பந்தய வீரர் கே.இ.குமார் இறந்தது கூரை உள்ள சலூன் கார் பந்தயத்தில். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே தடத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் பைக் பந்தயத்தில் இறந்தான். தேசிய சாம்பியனாக இருந்த அஸ்வின் சுந்தர் 2017இல் இறந்தது தடத்தில்கூட அல்ல, சென்னைச் சாலையில்.

இனி மாணவர் வண்டிக்கு வருவோம். இதில் உங்களுக்கே கை உண்டு. கொலுசுப் பட்டறை நடத்துகிறவர், பற்றவைப்பைப் பார்த்தாலே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவீர்கள். ஒரு சனிக்கிழமை காலேஜ் ஷெட்டுக்குப் போய் வாருங்கள். ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒரு இரும்பு வளைவு, ஸ்டியரிங்குக்கு முன்னால் இன்னொன்று இருக்கும். வண்டி உருண்டால் தலையைக் காக்கிற ரோல் வளைவுகள் இவை. இரண்டின் உச்சியையும் தொடுகிற மாதிரி நேரான குழாய் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். பையன் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தால், ஹெல்மெட் அந்தக் குழாய்க்குக் கீழே குறைந்தது 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உங்கள் பையன் உயரம் என்றீர்களே, அதனால் சொல்கிறேன். அடுத்து, முழு உடுப்பும் ஹெல்மெட்டும் கையுறையும் போட்டு, ஆறு முனை பெல்ட்டும் மாட்டி உட்காரவைத்து, "வெளியே வா" என்று சொல்லி வாட்சைப் பாருங்கள். இரண்டு காலும் தரையில் படுவதற்கு 5 வினாடிக்கு மேல் ஆகக் கூடாது. போட்டியில் இதைப் பரிசோதகர்கள் செய்வார்கள். ஷெட்டில் எத்தனை தடவை பழகினான் என்பதுதான் எனக்கு முக்கியம். பைக்குக்கு வாங்கிய ஐஎஸ்ஐ ஹெல்மெட் இதற்கு ஆகாது. கார் பந்தயத்துக்கான ஸ்னெல் எஸ்ஏ ஹெல்மெட்டைத் தீயிலும் சோதித்திருப்பார்கள்.

இப்போது நான் அதிகம் கவலைப்படுகிற விஷயம். வண்டியின் மூக்கில் மோதலைத் தாங்க ஒரு பெட்டி வைப்பார்கள். 300 கிலோ எடை, வினாடிக்கு 7 மீட்டர் வேகம், இந்தக் கணக்குக்குத்தான் விதிப்படி அதைச் சோதிக்கிறார்கள். மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். வண்டியோ அதைப்போல மூன்று நான்கு மடங்கு வேகம் போகக்கூடியது. போட்டித் தடத்தில் இது பெரிய குறையல்ல. சுற்றிலும் வெட்டவெளி, மோதினால் கூம்பில்தான் மோதும். ஆனால் போட்டிக்கு முந்தைய மாதங்களில் வண்டியை எங்கே ஓட்டிப் பார்க்கிறார்கள்? ஹாஸ்டல் பின்பக்கத் தார்ச்சாலை, இரண்டு பக்கமும் வேப்பமரம், மின்கம்பம், காம்பவுண்டுச் சுவர். அந்தப் பெட்டி அந்தச் சுவருக்காகச் செய்ததல்ல. டெஸ்டிங் எங்கே, மைதானம் எவ்வளவு அகலம், தீயணைப்பான் பிடித்துக்கொண்டு ஆள் நிற்கிறானா, ஆசிரியர் கூட இருக்கிறாரா என்று கேளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் டீமை விட்டு விலகச் சொல்ல வேண்டாம். டெஸ்டிங்கில் ஸ்டியரிங் பிடிக்காதே என்று மட்டும் சொல்லுங்கள். இந்த ஒன்றில் கறாராக இருங்கள்.

அடுத்தது தூக்கம். போட்டிக்கு முந்தைய வாரம் பையன்கள் ராப்பகலாக ஷெட்டிலேயே கிடப்பார்கள். பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு கிரைண்டர் ஓட்டுவது, ஸ்டாண்டு வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது எல்லாம் அந்த நேரத்தில்தான். எலெக்ட்ரிக் வண்டி என்றால் உயர் மின்னழுத்தம் ஓடுகிற ஆரஞ்சு கேபிள் பக்கம் ஒருத்தன் தனியாகப் போகவே கூடாது. இவ்வளவும் முடித்து, வண்டியை லாரியில் ஏற்றிவிட்டு, தூங்காத ஒருத்தன் ஓட்டுகிற வேனில் சங்ககிரி, பவானி, அவிநாசி வழியாக ராத்திரியோடு ராத்திரியாகக் கோயம்புத்தூர் போவார்கள். மொத்தப் போட்டியிலேயே அந்தப் பயணம்தான் ஆபத்து என்பது என் கணிப்பு. டிரைவர் போட்டு, பகலில் போகச் சொல்லுங்கள். காசு பற்றவில்லை என்றால் நாலு பெற்றோர் சேர்ந்து டிரைவர் பேட்டாவைக் கொடுத்துவிடலாம்.

கோபித்துக்கொள்ள வேண்டாம், இன்னொன்றும் கேட்கிறேன். பிளஸ் டூ முடித்ததும் அவனுக்கு 200 சிசி பைக் வாங்கிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அடிவாரம் டீக்கடைப் பக்கம் போய் நின்று பாருங்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் எத்தனை நிமிடத்தில் ஏறினேன் என்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டே ஏறுகிற கூட்டம் ஒன்று உண்டு. எதிரே பஸ் வரும், வளைவில் மணல் கிடக்கும், மாடு படுத்திருக்கும். அங்கே கொடி காட்டுகிற ஆளும் இல்லை, பக்கத்தில் ஆம்புலன்ஸும் இல்லை. ஃபார்முலா டீமில் ஒழுங்காக ஒரு வருஷம் இருந்த பையன்கள் மலைச் சாலையில் நிதானமாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பிரேக் சூடேறினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். எல்லாரும் அப்படி ஆகிறார்கள் என்று சொல்லமாட்டேன்.

கார்ட்டிங் பரவாயில்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். பந்தயக் கார்ட்டில் சீட் பெல்ட்டே கிடையாது. உருண்டால் ஆள் வெளியே போய் விழவேண்டும் என்பதுதான் அதன் ஏற்பாடு. விலா எலும்புக் காயம் சகஜம். கவசம் போட்டு ஓட்டலாம். சின்ன வண்டி என்பதற்காக விளையாட்டுச் சாமான் என்று எண்ண வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். மோட்டார் பந்தயம் உள்ளிட்ட சாகச விளையாட்டுகளில் தொழில்முறையில் ஈடுபட்டு அடிபட்டால் சிகிச்சைச் செலவு கிடையாது என்ற விலக்கு நம் ஊர் மெடிக்கல் பாலிசிகளில் பொதுவாக இருக்கும். தனிநபர் விபத்துப் பாலிசியில் இன்னும் கறாராக எழுதியிருப்பார்கள். மாணவர் போட்டிக்கு இது பொருந்துமா என்று ஏஜென்டிடம் வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள், கம்பெனியிடமிருந்து மெயிலில் பதில் வாங்குங்கள். போட்டி நடத்துகிறவர்களும் காலேஜும் எதற்கு எவ்வளவு பாலிசி எடுத்திருக்கிறார்கள் என்பதையும் காகிதத்தில் கேளுங்கள்.

வேலை விஷயம். பந்தய ஓட்டுநர் ஆவது உங்கள் பையனுக்கு ஒரு வழி என்று நான் எண்ணவில்லை. ஏழெட்டு வயதில் கார்ட்டில் தொடங்கிய பிள்ளைகளோடு இருபது வயதில் போய்ப் போட்டி போடுவது கஷ்டம், பணமும் தண்ணீராகப் போகும். ஆனால் வண்டி கட்டத் தெரிந்தவனுக்கு ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் மூன்றும் எட்டுகிற தூரம்தான். குறிப்பாக விபத்துப் பாதுகாப்பு. 2023 அக்டோபரில் கார்களை மோதவைத்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தருகிற பாரத் என்கேப் மதிப்பீடு வந்தபிறகு, மோதல் கணக்குப் போடத் தெரிந்த ஆட்களுக்குக் கம்பெனிகளில் மதிப்பு கூடியிருக்கிறது. ஒரகடத்தில் அரசின் வாகன ஆராய்ச்சி மையமே இருக்கிறது. டீமில் மூக்குப் பெட்டி, ரோல் வளைவு, பிரேக் ஆகியவற்றின் கணக்கு வேலையை அவன் கேட்டு வாங்கட்டும். இன்டர்வியூவில் "நான் ஓட்டினேன்" என்பதைவிட "நான் உடைத்துப் பார்த்தேன், இவ்வளவு தாங்கியது, இங்கே தவறியது, இப்படி மாற்றினேன்" என்பது பேசும். அந்த ரிப்போர்ட்டை ஒழுங்காக எழுதி வைக்கச் சொல்லுங்கள். பையன்கள் வண்டியைக் கழற்றிப் போட்டதும் இதைத்தான் முதலில் தொலைப்பார்கள்.

இந்த வாரம் ஷெட்டுக்குப் போய்விட்டு, டெஸ்டிங் எங்கே நடக்கிறது என்று ஆசிரியர் சொன்ன பதிலை எனக்கு எழுதுங்கள். அண்ணியும் கூட வரட்டும். 5 வினாடி கணக்கை அவர்களே வாட்சில் பார்க்கட்டும். பந்தய லைசன்ஸ் எடுக்கலாமா என்ற கேள்வியை அவன் மூன்றாம் ஆண்டு முடிக்கும்போது பேசிக்கொள்ளலாம்.