அலுவலகப் பிரிண்டரில் நிறங்கள் சரியாக வரவில்லையென்றால் புதிய பிரிண்டர்தான் வழியா?

கேள்வி கேட்டவரின் அலுவலகத்தில் ஒரு வண்ண லேசர் பிரிண்டர் இருக்கிறது. திரையில் பளிச்சென்று தெரியும் துண்டறிக்கை, தாளில் மங்கலாகவோ வேறு நிறமாகவோ வருகிறது. பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறார். பெரும்பாலும் சரியாகாது என்பதே என் பதில். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சிறிய பயிற்சி நிலையத்தின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நான் அச்சுத்தொழில் படித்தவன் அல்லன். ஆனாலும் பிரிண்டரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பல ஆண்டுகளாக என் தலையில்தான் இருக்கிறது. எங்களிடமும் இதே புகார் இருந்தது. இப்போது பிரிண்டர் அதேதான், நிறங்கள் மட்டும் திருந்திவிட்டன.

ஒரு தைப்பூசத்தின்போது பத்துமலைக்குப் போகும் வழியில் எங்கள் நிலையத்தார் தண்ணீர்ப் பந்தல் போட முடிவு செய்தார்கள். அதற்கான துண்டறிக்கையை நான்தான் வடிவமைத்தேன். தலைப்புக்கு மேலே தோகை விரித்த மயில். பட்டுப்புடவைக் கடைகளில் மயில்கழுத்து நிறம் என்பார்களே, அந்த நீலத்தைத் திரையில் பார்த்துப் பார்த்து நிரப்பியிருந்தேன். அச்சில் வந்ததோ அசல் கத்தரிப்பூ நிறம். எங்கள் மேலாளர் அக்கா அந்தத் தாளைச் சன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, மயிலுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அன்று மாலை முழுவதும் திரையின் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும், நீலத்தை மேலும் நீலமாக்கியும் அரைக் கட்டுத் தாளை வீணாக்கினேன். நீலத்தைக் கூட்டக் கூட்ட மயில் மேலும் கத்தரிக்காயாகிக்கொண்டே போனது.

இதற்குக் காரணம் பிரிண்டரின் பழுதன்று. திரை ஒளியை உமிழ்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கலந்து நிறத்தைக் காட்டுகிறது. பிரிண்டர், வெள்ளைத் தாளின்மேல் சியான் (பச்சை கலந்த வெளிர்நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு டோனர் பொடிகளைப் படியவைத்து, தாளில் பட்டுத் திரும்பும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கச் செய்கிறது. ஒன்று வெளிச்சத்தைச் சேர்க்கும் வேலை, மற்றொன்று வெளிச்சத்தைக் கழிக்கும் வேலை. ஆகையால் திரை காட்டும் எல்லா நிறமும் பொடிக்கு எட்டாது. பிரிண்டரில் நீலம் என்று தனிப்பொடி கிடையாது. சியானும் மெஜந்தாவும் கலந்துதான் நீலமாக வேண்டும். மென்பொருளில் ஒரு நிறத்தை, அதிலுள்ள சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைச் சொல்லும் 0 முதல் 255 வரையிலான மூன்று எண்களால் கொடுக்கிறோம். திரையின் தூய நீலமாகிய 0, 0, 255 என்ற எண்களைக் கொடுத்தால் இரண்டு பொடிகளும் ஏறக்குறைய நிறைய நிறையக் கொட்டப்படுகின்றன, மெஜந்தா மேலோங்கி ஊதா தட்டிவிடுகிறது. சியானைவிட மெஜந்தா குறைந்தது 30 விழுக்காடாவது குறைவாக இருந்தால்தான் நீலம் நீலமாக நிற்கும் என்பது வடிவமைப்பாளர்கள் கைக்கொள்ளும் வழக்கம். வேர்ட் போன்ற மென்பொருள்களில் சியான், மெஜந்தா அளவுகளைத் தொடப் பெரும்பாலும் வழியில்லை. அங்கே பச்சையின் எண்ணைக் கூட்டினால் மெஜந்தா தானாகக் குறையும். எங்கள் பிரிண்டரில் 0, 90, 170 என்று கொடுத்தால் நல்ல நீலம் வருகிறது. 0, 105, 140 கொடுத்தபோதுதான் மயிலுக்கு உடம்பு தேறியது. கிளிப்பச்சையும் பளீரென்ற ஆரஞ்சும் இதேபோல் தாளில் சோர்ந்துபோகும். அரக்கு, மாம்பழ மஞ்சள், இலைப்பச்சை ஆகியவை ஏமாற்றுவதில்லை.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பிரிண்டரும் தாளும் வேறு. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நிறத்தைத் திரையில் தேர்ந்தெடுக்காதீர்கள், தாளில் தேர்ந்தெடுங்கள். இதற்கு ஒரு பிற்பகல் போதும். ஏ4 அளவில் ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு நிறத்தால் நிரப்பி, கட்டத்தின் கீழே அந்த நிறத்தின் மூன்று எண்களையும் சிறிய எழுத்தில் எழுதுங்கள். வழக்கமாகப் பயன்படுத்தும் தாளில், வழக்கமான அமைப்பிலேயே அச்சிட்டு எடுங்கள். புடவைக் கடையில் சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்பதுபோல் அந்தத் தாளையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கூரையிலுள்ள விளக்கின் நிறம் தாளின் நிறத்தையும் மாற்றிக் காட்டும். பிறகு எந்தக் கட்டம் கண்ணுக்குப் பிடிக்கிறதோ அதன் எண்களை எடுத்து வேலையில் பயன்படுத்துங்கள். அந்த எண்களுக்குத் திரையில் என்ன நிறம் தெரிகிறது என்று கவலைப்படவே கூடாது. முதல் சில நாள்கள் இது மனத்துக்கு ஒப்பாது. எங்கள் அலுவலகத்தில் அந்தத் தாள் ஒரு நெகிழி உறைக்குள் பிரிண்டருக்குப் பக்கத்துச் சுவரில் தொங்குகிறது. மூலையில் அச்சிட்ட தேதியும் தாளின் பெயரும் எழுதியிருக்கும். டோனர் மாற்றினாலும் வேறு தாள் வாங்கினாலும் புதிதாக ஒன்று எடுத்து மாட்டுவோம்.

அடுத்து, தாள். லேசர் பிரிண்டரில் மின்னூட்டத்தால் தாளில் ஒட்டிய பொடியை, ஃபியூசர் என்னும் சூடான உருளை ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கி அழுத்துகிறது. எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம் என்பதை, தாள் வகை என்று நாம் தெரிவு செய்திருப்பதை நம்பித்தான் பிரிண்டர் முடிவு செய்கிறது. தட்டில் 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அட்டையை வைத்துவிட்டு அமைப்பைச் சாதாரணத் தாள் என்றே விட்டுவிட்டால் பொடி முழுதாக உருகாது. நிறம் வெளிறித் தெரியும், நகத்தால் சுரண்டினால் உதிரும். எங்களுக்கு வந்த "நிறம் சரியில்லை" என்ற புகார்களில் எத்தனையோ இந்த ஓர் இடத்தைச் சரிசெய்ததும் ஓய்ந்துபோயின. எனக்கே வெட்கமாக இருந்தது. இந்தத் தெரிவைக் கணினியில் மட்டும் மாற்றினால் சில பிரிண்டர்கள் கேட்பதில்லை. பிரிண்டரின் சொந்தத் திரையில் அந்தத் தட்டுக்கு உரிய தாள் வகையையும் மாற்ற வேண்டும். டோனர் சேமிப்பு என்ற தெரிவு அமலில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். செலவைக் குறைக்க யாரோ ஒருவர் அதைப் போட்டுவைத்திருப்பார். நிறங்கள் கழுவிவிட்டாற்போல் வருவதற்கு அதுவே போதும்.

சாதாரண 70 அல்லது 80 ஜிஎஸ்எம் நகல் தாளின் மேற்பரப்பு சொரசொரப்பானது. ஒளி சிதறுவதால் நிறத்தின் ஆழம் குறைகிறது. அதே கோப்பை வழவழப்பான 100 அல்லது 120 ஜிஎஸ்எம் தாளில், அதற்குரிய தாள் வகையோடு அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிண்டரை மாற்றிவிட்டார்களோ என்று தோன்றும். ஒரு எச்சரிக்கை: இங்க்ஜெட் பிரிண்டருக்கென்று விற்கும் பளபளப்பான புகைப்படத் தாளை லேசர் பிரிண்டரில் வைக்காதீர்கள். அதன் பூச்சு சூட்டில் இளகி ஃபியூசரில் ஒட்டிக்கொண்டால், பழுதுபார்க்கும் செலவில் தாராளமாகத் தாள் வாங்கியிருக்கலாம்.

நம் ஊருக்கே உரிய இடைஞ்சல் ஒன்றும் இருக்கிறது. கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. பகலில் ஏர்கோன் ஓடும்போது தெரியாது. வெள்ளிக்கிழமை மாலை ஏர்கோனை அடைத்துவிட்டுப் போனால், தட்டில் பிரித்து வைத்த தாள் இரண்டு நாளும் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். ஈரத் தாளில் மின்னூட்டம் கசிந்துபோவதால் பொடி சீராக ஏறாது. அடர்ந்த நிறப் பரப்புகள் திட்டுத் திட்டாக, அம்மைத் தழும்பு மாதிரி வரும். திங்கட்கிழமைக் காலையில் மட்டும் பிரிண்டர் மக்கர் செய்கிறது என்று நாங்கள் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் இதைத்தான். இப்போது வேலை முடிந்ததும் மீதித் தாளை எடுத்து மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுவிடுகிறோம். புதுக் கட்டுகளைத் தேவைப்படும்போதுதான் பிரிக்கிறோம். முக்கியமான வேலையைத் திங்கள் காலையில் வைத்துக்கொள்வதும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மனித முகங்கள் பச்சை தட்டியோ செம்மை தட்டியோ வந்தால்தான் பிரிண்டரைச் சந்தேகிக்க வேண்டும். நிறப்பிழையை நம் கண் மற்ற எதையும்விட முகத்தில்தான் சட்டென்று பிடிக்கும் என்பதால், சோதனைக்கு நான் எப்போதும் எங்கள் அலுவலகக் குழுப்படத்தையே அச்சிடுகிறேன். முதலில் நான்கு பொடிகளும் தனித்தனியே சீராக வருகின்றனவா என்று பிரிண்டரின் சோதனைப் பக்கத்தில் பாருங்கள். சியான் தீர்ந்துகொண்டிருந்தால் பச்சை மஞ்சளாகும், நீலம் சிவக்கும். பிறகு நிறச் சீரமைவை ஓட்டுங்கள். கேலிப்ரேஷன் என்றோ அதைப்போன்ற வேறு பெயரிலோ பிரிண்டரின் பராமரிப்புப் பட்டியலில் அது இருக்கும். ஸ்கேனரும் சேர்ந்த பெரிய பிரிண்டர்களில், அது அச்சிட்டுத் தரும் நிறக்கட்டத் தாளைக் கண்ணாடிமேல் வைத்தால் தானே படித்துத் திருத்திக்கொள்ளும். பத்துப் பதினைந்து பக்கம் அச்சிட்டுப் பிரிண்டரைச் சூடேற்றிய பிறகு இதைச் செய்வது நல்லது. ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப ஒரு புள்ளியோ கறையோ விழுந்தால் அது சீரமைவால் போகாது. ஏதோ ஓர் உருளையின் கோளாறு, பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.

டோனர் விஷயத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒருமுறை மெஜந்தா தீர்ந்தபோது, விலை குறைவென்று ஒரு கடையில் மாற்று டோனர் வாங்கிப் போட்டேன். அசலுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது என்றார்கள். மறுநாளிலிருந்து எங்கள் குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகிவிட்டது. மாற்று டோனரே ஆகாது என்று நான் சொல்லவில்லை. மூன்று அசலுக்கு நடுவில் ஒன்றை மட்டும் மாற்றினால் கலவையின் கணக்கு தப்பிப்போகும். போடுவதென்றால் நான்கையும் ஒரே தயாரிப்பாகப் போட்டு, சீரமைவை ஓட்டி, சுவரிலுள்ள நிறத்தாளையும் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸாப்பில் படமாக வந்த சின்னத்தை அச்சிடாதீர்கள். அது சுருக்கப்பட்டு ஓரங்கள் கலங்கியிருக்கும். ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். புகைப்படங்கள் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகளை ஒட்டி இருந்தால் போதும். படங்களை எஸ்ஆர்ஜிபி (sRGB) நிறவெளியில், அதாவது எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று வரையறுக்கும் பொது அளவுகோலில் சேமியுங்கள். 1996ஆம் ஆண்டில் எச்பி, மைக்ரோசாஃப்ட் ஆகிய இரு நிறுவனங்கள் சேர்ந்து முன்மொழிந்த இந்த அளவுகோலைத்தான் பெரும்பாலான அலுவலகப் பிரிண்டர்கள் எதிர்பார்க்கின்றன. நிறத்தை நிர்வகிக்கும் வேலையை மென்பொருளிடமோ பிரிண்டரிடமோ, யாராவது ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். இருவரும் திருத்தினால் திருத்தமே பிழையாகிவிடும். கறுப்பு எழுத்துக்கும் சாம்பல் நிறத்துக்கும் கறுப்புப் பொடி மட்டும் என்ற தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். நான்கு பொடியும் கலந்த சாம்பல், சிறு பிசகு ஏற்பட்டாலும் பச்சையாகவோ ரோஜா நிறமாகவோ சாயும். தமிழ் எழுத்தின் சுழிகளில் நிற ஓரம் தெரிந்தால் படிக்கவே சங்கடமாக இருக்கும்.

உங்களிடம் இருப்பது மைத்தொட்டி வைத்த இங்க்ஜெட் பிரிண்டராக இருந்தால், தாள் வகையைப் பற்றிச் சொன்னது அதற்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சாதாரணத் தாள் மையை உறிஞ்சி நிறத்தை மங்கவைத்துவிடும். நிறம் மாறினால் முதலில் மைத்துளைச் சோதனையை அச்சிட்டு, கோடுகள் விட்டுப்போயிருந்தால் மட்டும் சுத்தம் செய்யுங்கள், ஏனெனில் ஒவ்வொரு சுத்தத்துக்கும் மை செலவாகிறது. நீண்ட பள்ளி விடுமுறையிலும் வாரத்துக்கு ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிட்டால் துளை காயாது.

எந்தப் பிரிண்டர் வாங்கினாலும் தீராத ஒன்றும் உண்டு. நான்கு பொடியில் பொன் நிறமும் வெள்ளி நிறமும் வராது. பொன் என்று நாம் கொடுப்பது தாளில் பழுப்பு கலந்த மஞ்சளாகத்தான் வரும், மின்னாது. கல்யாண அழைப்பிதழில் பொன் ஜரிகை மின்ன வேண்டுமென்றால் அச்சகத்துக்குப் போய்விடுங்கள். எங்கள் துண்டறிக்கையில் முருகனின் வேலுக்குப் பொன் நிறம் வேண்டும் என்று அக்கா கேட்டபோது, சுவரிலிருந்த நிறத்தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் விரலை ஓட்டிப் பார்த்து, மாம்பழ மஞ்சள் கட்டத்தில் நிறுத்தினார்.