டவுன்லோட் செய்த ஃபைல் திறக்கவில்லையா? திருகோணமலை வாசகர் கேள்விகள்

கே (நிலாவெளி): விடுதி முன்பதிவுப் பட்டியலை எங்கள் தளத்திலிருந்து எக்செல் ஃபைலாக இறக்கினால் பழுது என்கிறது. சர்வரில் உள்ள பிரதி நன்றாகத் திறக்கிறது, இரண்டின் அளவும் ஒன்றுதான். லைன் பிரச்சினையா?

ப: லைன் மேல் பழி போடாதீர்கள். சர்வரில் நன்றாக இருப்பது கைக்கு வரும்போது கெட்டால், நடுவில் நின்று ஃபைலை அனுப்பும் பிஎச்பி ஸ்கிரிப்ட்டைத்தான் (சர்வரில் ஓடும் சிறு நிரல்) முதலில் சந்தேகிக்க வேண்டும். இறக்கிய ஃபைலை நோட்பேடில் திறந்து தொடக்கத்தைப் பாருங்கள். இன்றைய எக்செல் ஃபைல் உள்ளுக்குள் ஒரு ஸிப், ஆகவே பி, கே என்ற ஆங்கில எழுத்துகளில்தான் தொடங்கும் (ஸிப்பை உருவாக்கிய பில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை). அதற்கு முன்னால் வெற்று வரியோ 'வார்னிங்' என்று ஏதாவதோ இருந்தால் கள்வன் பிடிபட்டான். கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டால் ஹெக்ஸ் எடிட்டரில் (ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டும் மென்பொருள்) பாருங்கள். மூன்று பைட் கூடுதலாக இருந்தால் ஸ்கிரிப்ட் தன்னோடு இன்க்ளூட் செய்து சேர்த்துக்கொள்ளும் ஏதோ ஒரு ஃபைல் பிஓஎம்மோடு (சில எடிட்டர்கள் ஃபைலின் தொடக்கத்தில் ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத குறி) சேமிக்கப்பட்டிருக்கலாம்.

அளவு ஒன்றாக இருப்பதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். கன்டென்ட்-லெங்த்தில் (எத்தனை பைட் வரும் என்று பிரவுசருக்கு முன்கூட்டியே சொல்லும் வரி) உண்மையான அளவைச் சொல்லிவிட்டு முன்னால் மூன்று பைட் கூடுதலாக அனுப்பினால், பிரவுசர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளும், கடைசி மூன்று பைட் வந்து சேராது. மொத்தம் சரி, உள்ளே கோளாறு! பிஓஎம் இல்லாமல் சேமியுங்கள், பிஎச்பி ஃபைல்களின் கடைசியில் வரும் ?> குறியை எடுத்துவிடுங்கள், ஃபைலை அனுப்பும் ரீட்ஃபைல் கட்டளைக்கு முன் பஃபரில் (வெளியீடு போகுமுன் தங்கும் இடம்) சேர்ந்ததை அழித்து, ரீட்ஃபைல் முடிந்த கையோடு ஸ்கிரிப்ட்டை நிறுத்தும் எக்ஸிட் போடுங்கள். பிழைச் செய்திகள் சர்வரின் லாக் என்ற பதிவு ஃபைலுக்கு மட்டும் போகட்டும்.

கே (கிண்ணியா): ரியூசன் வகுப்புக்குக் கடந்தகால வினாத்தாள்களை ஸிப்பாகத் தருகிறோம். சின்னது இறங்குகிறது, 200 எம்பி தாண்டியது பாதியில் நின்றுவிடுகிறது.

ப: ரீட்ஃபைல் தானாக நினைவகத்தை நிரப்பாது. அவுட்புட் பஃபர் திறந்திருந்தால்தான் முழு ஃபைலும் அதில் குவிந்து, மெமரி லிமிட்டில் (ஒரு ஸ்கிரிப்ட் பயன்படுத்தக்கூடிய நினைவக வரம்பு) முட்டும். பிஎச்பியின் வழக்கமான வரம்பு 128 எம்பி. பஃபரை மூடிப் பாருங்கள். அப்புறமும் நின்றால் சர்வரின் டைம்அவுட்டாக (அனுப்பி முடிக்கக் கொடுக்கும் நேர வரம்பு) இருக்கலாம், போனில் மெதுவாக இறக்கும் பிள்ளைகளுக்கு அது சீக்கிரம் தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால், ஸ்கிரிப்ட் அனுமதியை மட்டும் சரிபார்க்கட்டும், ஃபைலைக் கொடுக்கும் வேலையை சர்வர் மென்பொருளான அப்பாச்சியிடமோ என்ஜின்எக்ஸிடமோ விட்டுவிடுங்கள். இரண்டிலும் அதற்கு வழி இருக்கிறது.

கே (மூதூர்): தமிழில் பெயரிட்ட ஃபைல் கோடு கோடாக இறங்குகிறது.

ப: ஃபைலின் பெயரை பிரவுசருக்குச் சொல்லும் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் வரியில் நட்சத்திரக் குறியுள்ள ஃபைல்நேமைச் (filename*) சேர்த்து, பெயரை யூடிஎஃப்-8 (தமிழையும் எழுதக்கூடிய எழுத்துக் குறிமுறை) ஆக என்கோட் செய்து கொடுங்கள். பழைய முறைக்கு ஆங்கிலப் பெயரொன்றும் இருக்கட்டும்.

கே (உப்புவெளி): சர்வரில் இருக்கும் படமே திறக்கவில்லை.

ப: அப்படியென்றால் ஸ்கிரிப்ட் நிரபராதி. சர்வருக்கு ஃபைல் ஏற்றும் எஃப்டிபியில், எழுத்து ஃபைல்களுக்கான ஆஸ்கி முறையில் ஏற்றியிருப்பீர்கள், எதையும் மாற்றாமல் அனுப்பும் பைனரி முறைக்கு மாற்றித் திரும்ப ஏற்றுங்கள்.