அரைக் கட்டை இறங்கின கேசட்டும் பாடுற ரோடும்

அன்புள்ள சார்,

போன வாரம் பழைய பாட்டு, ஞாபகம்னு எழுதியிருந்தீங்க. எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம், யார்கிட்ட கேட்டாலும் சிரிக்கிறாங்க. சின்ன வயசுல வீட்டுல ஒரே ஒரு கேசட், தேஞ்சு போற வரைக்கும் ஓடிச்சு. யாரோ பதிவு பண்ணிக் கொடுத்தது. அதுல இருந்த ஒரு பாட்டை இப்போ போன்ல கேட்டா, அதே பாடகர், அதே வாத்தியம், ஆனா யாரோ பின்னாடி துரத்துற மாதிரி ஓடுது, குரலும் கொஞ்சம் கீச்சுனு இருக்கு. "பாட்டு அதேதான், உங்களுக்குத்தான் வயசாயிடுச்சு"ன்னு மனைவி சொல்றாங்க. இது ஞாபகம் பண்ற கோளாறா?

இன்னொண்ணு. கார் போனா பாட்டு பாடுற ரோடுன்னு ஒரு வீடியோ பாத்தேன், கேக்கவே கொடூரமா இருந்துச்சு. நீங்க ஊர் சுத்துற ஆளாச்சே, அது நிஜமா, இல்ல எடிட்டிங்கா?

இப்படிக்கு,
உங்கள் வாசகன் (பேர் போட வேண்டாம், ப்ளீஸ்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்க வீட்டுக்காரம்மா கோவிச்சுக்கக் கூடாது, ஆனா இதுல நான் உங்க கட்சி. வயசுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கிற மாதிரி தெரியல, பெரும்பாலும் இது மோட்டார் பண்ண வேலை.

கேசட் பிளேயர் டேப்பை நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்துல இழுக்கணும், அதுதான் கணக்கு. அந்த வேகத்தைக் காப்பாத்துறது உள்ள இருக்கிற ஒரு சின்ன மோட்டாரும், பெரும்பாலான செட்டுல வளையல் மாதிரி ஒரு ரப்பர் பெல்ட்டும்தான். பெல்ட் தளர்ந்தா, ரப்பர் உருளை தேஞ்சா, பேட்டரி தீர்ந்துக்கிட்டே வந்தா, டேப் மெதுவாகும், மெதுவானா ஸ்ருதியும் சேந்தே இறங்கும். எவ்வளவுன்னு கேட்டீங்கன்னா, வேகம் கிட்டத்தட்ட 6 சதவீதம் குறைஞ்சாலே பாட்டு முழுசா அரைக் கட்டை, அதாவது ஸ்ருதியில ஒரு சின்னப் படி, இறங்கிடும். நாலு நிமிஷப் பாட்டு கால் நிமிஷம் கூட ஓடும். வீட்டுல யாருக்கும் தெரியாது, ஏன்னா ஒப்பிட்டுப் பாக்க வேற பிளேயரே இல்ல, அந்த வீட்டுல அதுதான் அந்தப் பாட்டு. இதுல இன்னொரு குழப்பமும் இருக்கு. உங்களுக்குப் பதிவு பண்ணிக் கொடுத்தவரோட மெஷின் கொஞ்சம் வேகமா ஓடியிருந்தா, நல்ல பிளேயர்ல போட்டாக்கூட மெதுவாத்தான் கேக்கும். ரெண்டும் சேந்திருந்தா கேக்கவே வேண்டாம்.

சரி, மெதுவாத்தான் ஓடிச்சுன்னே வெச்சுக்கலாம், இத்தனை வருஷம் கழிச்சு அது எப்படி ஞாபகம் இருக்கும்? இங்கதான் எனக்குப் பிடிச்ச ஒரு ஆராய்ச்சி வருது. டேனியல் லெவிட்டின்னு ஒருத்தர், 1994-ல வெளியிட்டார். 46 பேரைக் கூப்பிட்டு, உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டு ரெண்டைச் சொல்லுங்க, மனசுக்குள்ள ஓட்டிப் பாத்து அப்படியே பாடுங்கன்னு சொல்லியிருக்கார். ஸ்ருதிப் பெட்டி கிடையாது, எடுத்துக் கொடுக்கவும் ஆள் கிடையாது. ரெண்டுல ஒரு பாட்டையாவது 40 சதவீதம் பேர் ரெக்கார்டுல இருக்கிற அதே ஸ்ருதியில எடுத்திருக்காங்க! 'ஸ' எதுன்னு கேட்டா முழிக்கிற ஆளுங்களும் இதுல அடக்கம். ரெண்டு வருஷம் கழிச்சு அதே பாடல்களை வேகத்துக்காக அளந்தப்போ, பாடினதுல 72 சதவீதம் ஒரிஜினல் வேகத்துலேந்து 8 சதவீதத்துக்குள்ளதான் தள்ளியிருந்துச்சு. அப்போ நாம வரியையும் மெட்டையும் மட்டும் ஞாபகம் வெச்சுக்கிறதில்ல, எந்தக் கட்டையில எந்த வேகத்துல கேட்டோமோ அதையும் சேத்துத்தான் வெச்சுக்கிறோம். உங்க மண்டையில இருக்கிறது அந்தப் பாடகர் பாடின பாட்டு இல்ல சார், உங்க வீட்டு பிளேயர் பாடின பாட்டு.

இந்த இடத்துல என் கதை ஒண்ணு சொல்லிடறேன். எங்கிட்ட இருந்த கேசட் ஒண்ணுல பாட்டு ஆரம்பிக்க ரெண்டு நொடி முன்னாடி, அதே பாட்டு தூரத்துல, சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேந்து வர்ற மாதிரி மெல்லிசாக் கேக்கும். அது ரெக்கார்டிங்ல பண்ண அலங்காரம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், ஃப்ரெண்ட்ஸ்கிட்ட அதப் பத்தி விளக்கம் வேற சொல்லியிருக்கேன், வெக்கக்கேடு. டேப் சுருள்ல ஒரு சுத்து மேல இன்னொரு சுத்து ஒட்டிக்கிட்டே கிடக்குமில்ல, சத்தமா இருக்கிற இடத்தோட காந்தம் பக்கத்துச் சுத்துல லேசாப் பதிஞ்சிடும், அவ்வளவுதான் விஷயம். இப்போ சுத்தமான டிஜிட்டல்ல அந்தப் பாட்டு திடுதிப்புனு ஆரம்பிக்குது, கதவைத் தட்டாம உள்ள வந்த மாதிரி.

ரோடு விஷயத்துக்கு வர்றேன். நிஜம்தான், எடிட்டிங் இல்ல. ஹைவே ஓரத்துல டிரைவர் தூங்கிடக் கூடாதுன்னு வரி வரியா வெட்டியிருப்பாங்களே, டயர் ஏறினா 'டர்ர்ர்'னு வருமே, அதேதான். வரிகளை நெருக்கினா சத்தம் மேல போகும், தள்ளிப் போட்டா கீழ வரும். மணிக்கு 60 கிலோமீட்டர்ல போற கார் ஒரு நொடியில 16.7 மீட்டர் தாண்டும், அதுல 440 வரி இருந்தா வெஸ்டர்ன்காரங்க ஸ்ருதி சேக்கிற 'ஏ' கிடைக்கும், அதாவது வரிக்கு வரி சுமார் 3.8 சென்டிமீட்டர். யோசிச்சுப் பாருங்க, ரோடுதான் டேப், டயர்தான் டேப்பைப் படிக்கிற ஹெட், நம்ம ஆக்ஸிலரேட்டர்தான் மோட்டார்.

இதை முதல்ல பண்ணது டென்மார்க்ல ரெண்டு கலைஞர்கள், 1995-ல. அவங்க வெட்டல, ரோட்டுல குமிழ் குமிழா ஒட்டினாங்க. ஜப்பான்ல ஷிஸுவோ ஷினோடான்னு ஒருத்தர் புல்டோசர்ல தெரியாம ரோட்டைக் கீறிட்டு, அது மேல வண்டி ஓட்டினப்போ சத்தம் மாறுறதைக் கவனிச்சாராம், அங்கேந்து வந்ததுதான் அந்த ஊர் மெலடி ரோடுகள்.

நீங்க பாத்த கொடூரம் எதுன்னு என்னால ஊகிக்க முடியுது. கலிஃபோர்னியாவுல லங்காஸ்டர்னு ஒரு ஊர், 2008-ல ஹோண்டா கார் விளம்பரத்துக்காகப் போட்ட ரோடு, ரோஸினியோட 'வில்லியம் டெல்' ஓப்பராவுல குதிரை ஓடுற மாதிரி வருமே, அந்த இசை. நண்பர் ஒருத்தர் கார் ஓட்ட, நான் பக்கத்து சீட்ல, சுத்தி ஒண்ணுமே இல்லாத வறண்ட சமவெளி. தாளம் அச்சு அசலா வருது சார், குதிரை ஓடுது. ஆனா மெட்டு மேல ஏற வேண்டிய இடத்துல ஏறாம, மாடிப்படி பாதியில நின்ன மாதிரி நிக்குது. நண்பர் "ஸ்பீடு சரியில்ல போல"ன்னு யூ டர்ன் போட்டு மறுபடி வந்தார், கொஞ்சம் கூட்டிப் பாத்தார், குறைச்சுப் பாத்தார், மூணு தடவை. மொத்த பாட்டும் மேல போச்சு, கீழ வந்துச்சு, தப்பு மட்டும் அப்படியே இருந்துச்சு.

காரணம் ரொம்ப அல்பம். ஒரு வரி தொடங்குற இடத்துலேந்து அடுத்த வரி தொடங்குற இடம் வரைக்கும் அளக்கணும். அவங்க கணக்குப்படி வந்த நீளத்தை நடுவுல இருக்கிற இடைவெளிக்குக் கொடுத்துட்டாங்க, வெட்டுற பள்ளத்தோட அகலத்தைச் சேக்க மறந்துட்டாங்க. சும்மா ஒரு உதாரணம், கீழ் 'ஸ'வுக்கு 8 சென்டிமீட்டர்னா மேல் 'ஸ'வுக்கு 4. பள்ளம் 2 சென்டிமீட்டர்னு வெச்சுக்குங்க, அது ரெண்டுலயும் கூடினா 10, 6. ரெட்டிப்பா இருக்க வேண்டியது ஒண்ணே முக்காலுக்கும் கீழ போயிடுச்சு, மேல் 'ஸ'வைத் தொட வேண்டிய பாட்டு 'த'வுலயே உக்காந்துடும். அக்கம்பக்கத்துல சத்தம் தாங்கலன்னு புகார் வந்து, சில வாரத்துலயே அந்த ரோட்டை மூடி வேற தெருவுல புதுசா வெட்டினாங்க. அங்கேயும் அதே தப்பு. நாங்க யூ டர்ன் போட்டது அந்த ரெண்டாவது ரோட்டுலதான்.

இப்போ உங்க கேசட்டைப் பாருங்க. அது மெதுவா ஓடினாலும் எல்லா ஸ்வரமும் சேந்தே இறங்கிச்சு, அதனால அபஸ்வரம் கிடையாது, அது இன்னொரு கட்டையில பாடின நல்ல பாட்டு. அதனாலதான் உங்களால அதோட வருஷக்கணக்குல குடித்தனம் பண்ண முடிஞ்சுது. லங்காஸ்டர்ல குதிரையை எவ்வளவு விரட்டினாலும் அது பாட்டாகாது.

ரோடு பாடுறது டூரிஸ்ட்டுக்கு ஒரு நிமிஷ வேடிக்கை, பக்கத்துல குடியிருக்கிறவனுக்கு ராத்திரி பூரா ஒரே பாட்டு, அதுவும் ஆளாளுக்கு ஒரு ஸ்பீடுல. நெதர்லாந்துல யெல்ஸும்னு ஒரு கிராமத்துகிட்ட 2018-ல இதே மாதிரி அந்த மாகாணத்து கீதத்தை ரோட்டுல போட்டாங்க, தூக்கம் போச்சுன்னு மக்கள் கத்தினதுல சில நாள்லயே எடுத்துட்டாங்க. நான் அந்த கிராமத்துக்காரங்க பக்கம்.

இந்த மாதிரி வினோதங்கள்ல எனக்கு நிஜமாப் பிடிச்சது குரோஷியாவுல ஸதார் கடற்கரைப் படிக்கட்டு. 2005-ல நிக்கோலா பாஷிச்சுன்னு ஒரு ஆர்க்கிடெக்ட் கட்டினது, படிக்கு அடியில 35 குழாய், அலை காத்தைத் தள்ளத் தள்ள ஊதும். மெட்டே கிடையாது, அதனால தப்புன்னு சொல்லவும் எவனாலயும் முடியாது.

உங்களுக்கு ஒரு வேலை தர்றேன். அந்தப் பாட்டோட ஃபைல் இருந்தா கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டி மாதிரி ஒரு இலவச எடிட்டர்ல போட்டு, ஸ்பீடை 6 சதவீதம் குறைங்க. டெம்போன்னு இன்னொண்ணு இருக்கும், அதைத் தொடாதீங்க, அது வேகத்தை மட்டும் மாத்தும், ஸ்ருதியை விட்டுடும். யூடியூப்ல இருக்கிற ஸ்பீடு பட்டனும் அப்படித்தான், பேர் ஸ்பீடுன்னு இருந்தாலும் ஸ்ருதி இறங்காது, அதுல முயற்சி பண்ணி ஏமாந்துடாதீங்க. 6 ஒத்து வரலன்னா 4, 5, 7னு மாத்தி மாத்திப் பாருங்க. எதுல உங்களுக்கு "ஆங், இதுதான்"னு வருதோ அந்த நம்பரை எனக்கு எழுதுங்க. வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் உடனே போட்டுக் காட்டிடாதீங்க, அவங்க காதுக்கு அது இழுவையாத்தான் இருக்கும், மறுபடியும் வயசு பேச்சு வந்துடும்.