முயல் நஞ்சைத் தின்றுவிட்டால்: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்றரை வயதுள்ள வெள்ளை முயல் ஒன்றை வளர்க்கிறோம். சாமி படத்திலிருந்து கழற்றிக் கூடையில் போட்டிருந்த செவ்வரளி மாலையை அது இழுத்து, பூவும் இலையுமாகச் சிறிது தின்றுவிட்டது. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பால் கொடுத்தால் விஷம் முறியும் என்றார் என் மாமியார். இரண்டையும் செய்யத் துணியாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம், பிழைத்துக்கொண்டது. இனி இப்படி நேர்ந்தால், மருத்துவரிடம் சென்று சேரும்வரை நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: அந்த இரண்டையும் தவிர்த்துவிட்டு நேரே மருத்துவமனைக்குச் சென்றீர்களே, அதைவிடச் சரியான முடிவு வேறு இல்லை. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. உணவுக்குழாய் இரைப்பையுடன் சேரும் இடத்திலுள்ள தசை வளையம் மிக வலுவானது என்பதால், உள்ளே போன எதுவும் அந்த வழியாகத் திரும்பி வராது. எனவே உப்புக் கரைசல் கொடுத்தால் நஞ்சு வெளியேறாது. இரத்தத்தில் உப்பு கூடி அதுவே இன்னொரு நஞ்சாக மாறும், வலிந்து ஊற்றும்போது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரலும் கெடும். பாலுக்கும் நஞ்சை முறிக்கும் ஆற்றல் கிடையாது. வளர்ந்த முயலின் குடலுக்கு அது ஒவ்வாத உணவு.

அரளியைப் பொறுத்தவரை செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி ஆகிய எல்லாவற்றிலும், பூ, இலை, தண்டு, விதை, பால் என எல்லாப் பகுதிகளிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. இலை காய்ந்து சருகான பிறகும் அந்த நஞ்சு போவதில்லை. ஆகவே வாடிய பூஜை மாலையை எட்டும் இடத்தில் போட்டுவைப்பதும் ஆபத்துதான். எச்சில் ஒழுகுதல், கழிச்சல், காதுகள் சில்லிட்டுப்போதல், துவண்டு கிடத்தல், இதயத் துடிப்பு குறைந்து சீரற்றுப் போதல் ஆகியவை அரளி நஞ்சின் அறிகுறிகள். ஆனால் அவை தோன்றட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி என்பதால், முயல் தன் நோவை இயன்றவரை மறைத்துக்கொள்ளும். அது கூனிக் குறுகி மூலையில் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிக்கத் தொடங்கும்போது வலி ஏற்கெனவே முற்றியிருக்கும். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்ட பின்னர் கொண்டுவரப்படும் முயல்களைப் பார்ப்பதுதான் எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

முதலில் முயலைச் செடியிடமிருந்து பிரித்து, வாயின் முன்பகுதியில் இலைத் துணுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் அதை மட்டும் மெல்ல எடுத்துவிடுங்கள். விரலை உள்ளே விட்டுத் துழாவ வேண்டாம். தின்றது போக மிஞ்சிய செடியை ஒரு பையில் எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு, ஏறக்குறைய எவ்வளவு தின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, அங்கே முயலுக்கு வைத்தியம் பார்ப்பார்களா என்று கேட்டுவிடுவது நல்லது. இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: நாய்க்கு இதயத் துடிப்பு குறைந்தால் போடும் அட்ரோபின் ஊசி, பல முயல்களின் உடலிலுள்ள ஒரு நொதியால் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் முயலுக்கு வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். முயல்களைப் பார்த்துப் பழகியவர் அதை அறிந்திருப்பார். உங்கள் பகுதிக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; சென்னையில் இருப்போர் வேப்பேரிக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம்.

காற்றோட்டமுள்ள கூடையில் துண்டு விரித்துக் கொண்டுசெல்லுங்கள். முயல் வெயிலைத் தாங்காது. பகல் பயணமாக இருந்தால் கூடையின் மேல் நேரடி வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நஞ்சை உறிஞ்சுவதற்காக மருத்துவமனையில் கொடுக்கப்படும் கரி தனியாகத் தயாரிக்கப்பட்ட மருந்து. அடுப்புக்கரியைப் பொடித்துக் கொடுப்பது அதற்கு ஈடாகாது.

வீடு திரும்பிய பின்னரும் கவனம் தேவை. நஞ்சு வடிந்துவிட்டாலும், முயல் தின்னாமல் இருந்தால் அதன் குடல் அசைவே நின்றுபோகும். இதனால் இறந்த முயல்கள் பல. ஏறக்குறைய 12 மணி நேரம் எதுவும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அதை அவசர நிலை என்றே கொள்ள வேண்டும். அருகம்புல், உலர்ந்த புல் ஆகியவற்றைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே இருங்கள். வயிறு முரசுபோல் விம்மியிருக்கும்போது மட்டும் ஊசிக்குழாயால் உணவைப் புகட்டக் கூடாது.

கேள்வி: குழந்தைக்குச் சளிக்காக வாங்கிய அமாக்சிசிலின் மருந்தில் மிச்சம் இருந்தது. தும்மிக்கொண்டிருந்த எங்கள் முயலுக்கு அதை இரண்டு வேளை புகட்டிவிட்டார் என் தம்பி. இது தீங்கானதா?
(வாசகர், சேலம்)

பதில்: ஆம், உடனே நிறுத்துங்கள். பென்சிலின் வகையைச் சேர்ந்த இத்தகைய மருந்துகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால், பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பையில் நாரைச் செரிக்க உதவும் நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, அவற்றின் இடத்தில் நச்சை உமிழும் நுண்ணுயிர்கள் பெருகிவிடும். லின்கோமைசின், கிளிண்டாமைசின் ஆகியவையும் அப்படியே. கழிச்சல் சில நாள் கழித்தும் தொடங்கலாம் என்பதால், இன்று துள்ளிக் குதிக்கிறது என்று எண்ணிவிடாமல், மருந்துப் புட்டியுடன் இன்றே மருத்துவரைப் பாருங்கள். தும்மலுக்கு முயலுக்கு ஏற்ற வேறு மருந்துகள் உள்ளன. நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தையும் முயலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எலி மருந்தைக் கடித்துவிட்ட எங்கள் முயல் இரண்டு நாளாக நன்றாகத்தான் இருக்கிறது. இனி பயமில்லை என்று இருந்துவிடலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: கூடாது. கட்டியாக விற்கப்படும் எலி மருந்துகள் பலவற்றில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரோமடையலோன் போன்ற நஞ்சு இருக்கிறது. அதன் விளைவாக உடலுக்குள் கசிவு தொடங்குவதற்கே இரண்டு முதல் ஐந்து நாள் ஆகலாம். இதற்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாக இருப்பதால், உறையை எடுத்துக்கொண்டு இப்போதே போனால் காப்பாற்றிவிட நல்ல வாய்ப்பு உண்டு. மற்ற வாசகர்களும் கவனிக்க வேண்டியது: பசை வடிவில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் மருந்துக்கு அப்படி ஒரு மாற்று மருந்தே இல்லை, கொழுப்பு சேர்ந்தால் அந்த நஞ்சு உடலில் இன்னும் வேகமாக ஏறும், எனவே அந்த நிலையில் பால், நெய், எண்ணெய் எதையும் கொடுத்துவிடாதீர்கள். திண்டுக்கல் வாசகர் இந்த உறையில் என்ன மருந்து அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை மருத்துவரிடம் தொலைபேசியிலேயே படித்துச் சொல்லிவிட்டுப் புறப்படுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.